ஆடும், விழாது

அத்தியாயம் 9

"குதிங்க," என்றாள் இராசேஸ்வரி.

மருதப்பன் முதலில் தன் தொப்பையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அக்கா, கீழ சாப்பாட்டுக் கடை. யாரோ பாவம் பிரியாணி சாப்பிட்டுக்கிட்டிருப்பாங்க. நான் மேலேர்ந்து அவங்க இலையில விழுந்தா, எக்ஸ்ட்ரா மட்டன்னு பில்லுல போட்டுருவாங்க லா."

"விழமாட்டீங்க. குதிங்க."

குதித்தார்.

கூடத்தின் நடுவில் வைத்திருந்த கைப்பேசியின் திரையில் ஒரு கோடு துள்ளி எழுந்தது. மருதப்பன் அசையாமல் நின்ற பிறகும் அந்தக் கோடு ஓயவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர் போத்தலுக்குள் வளையம் வளையமாக அலை. உள்ளங்காலில் மெல்லிய நடுக்கம் ஏறியது, ஓடி வந்து படுத்த நாயின் முதுகில் கை வைத்ததுபோல.

"இது என் வெயிட்னால இல்லையே?"

"இல்ல. நீங்க ஒரு தடவைதான் குதிச்சீங்க. தரைதான் இன்னும் குதிச்சுக்கிட்டிருக்கு."

இராசேஸ்வரி குனிந்து திரையைப் படித்தாள். தரை ஒரு நொடிக்கு நாலரை தடவைக்குச் சற்று மேல் அதிர்கிறது. பொறியாளர் சுலக்ஷன் கையெழுத்திட்ட அறிக்கையில் அந்த எண் ஒன்பதுக்கும் மேல் இருந்தது.

அவள் இருபது வருடங்களுக்கு மேல் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய் இழப்பீட்டுக் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தவள். இப்போது சிங்கப்பூரின் கெர்பாவ் ரோட்டில், பூக்கடைக்கு மேலே ஓர் அறையில் சொந்தமாகத் துப்பறிகிறாள். மருதப்பன் வாடகைக் கார் ஓட்டியவர். ஒருநாள் ஓர் ஆளைப் பின்தொடர அவர் காரில் ஏறினாள். அவர் அதற்குப் பிறகு வேறு சவாரி எடுக்கவில்லை.

அவர்கள் நின்றது சையது ஆல்வி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய எஃகுச் சட்டகக் கட்டடத்தின் மாடியில், பவித்ரா நடத்திவந்த நடன உடற்பயிற்சிக் கூடத்தில். சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடிகள். ஓர் இடத்தில் மட்டும் கண்ணாடி இல்லை. அதைப் பிடித்திருந்த கொக்கிகளின் துளைகள் தெரிந்தன. மார்ச் மாதம், ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது தரை அதிர்ந்து அந்தக் கண்ணாடி விழுந்தது. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த உமாமகேஸ்வரி என்ற மருத்துவமனைத் தாதி அதே இடத்தில் இறந்துபோனாள்.

பழி சுலக்ஷன் தலையில் விழுந்தது. மாடியில் நடனம் ஆடலாம், தரை ஆடாது என்று மென்பொருளில் கணக்கிட்டு ஒப்புதல் தந்தவர் அவர்தான். அவர் கணக்கில், தரையைத் தாங்கும் உத்தரத்துக்கு நடுவே கீழே ஓர் எஃகுத் தூண் இருந்தது. கட்டடத்தில் அப்படி ஒரு தூண் இல்லை. இடத்தை நேரில் பார்க்காமல் வரைபடத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டார் என்பது விசாரணைக் குழு முன் உள்ள குற்றச்சாட்டு. தான் நேரில் வந்ததாகவும் தூணைக் கையால் தட்டிப் பார்த்ததாகவும் அவர் சொல்கிறார். வழக்கை இராசேஸ்வரியிடம் கொண்டு வந்தது அவர் மனைவி வினுஷா. "விட்டுடு, ஆள் வைக்காதே" என்று கணவர் தடுத்தும் கேட்காமல் வந்திருந்தாள்.

"பவித்ரா, தரை எப்பவுமே இப்படித்தானா?"

"இல்ல மேம்." பவித்ரா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு வருஷம் ஒண்ணுமே இல்ல. போன தீபாவளிக்கு ஸ்டூடியோவை மூடிட்டு நாங்க எல்லாரும் பாத்தாம் தீவுக்குப் போயிட்டு வந்தோம். அதுக்கப்புறம்தான் ஸ்டார்ட் ஆச்சு. அதுவும் ஒரே ஒரு பாட்டுக்கு."

"அதே ஆளுங்க?"

"அதே ஆளுங்க, அதே பாட்டு, அதே ஸ்டெப்ஸ்."

"அப்ப மாறினது தரைதான்."

மருதப்பன் தலையைச் சொறிந்தார். "ஒரு பாட்டுக்கு மட்டும் எப்படிக்கா ஆடும்? தரைக்கு ரசனை இருக்கா?"

"ஊஞ்சல் தள்றீங்கல்ல, அது மாதிரி. கண்ட நேரத்துல தள்ளினா நின்னுரும். அது திரும்பி வர்ற நேரம் பார்த்துத் தள்ளினா சின்னக் குழந்தை தள்ளினாலும் மேல மேல போகும். அந்தப் பாட்டோட தாளம் தரையோட தாளத்துக்குச் சரியா பொருந்திருச்சு."

பவித்ரா நிமிரவில்லை. "தரை அதிரும்போது நாங்க பயப்படல மேம். கைதட்டுவோம். நம்ம எனர்ஜி பில்டிங்கையே ஆட்டுது பாருங்கன்னு நான்தான் மைக்ல சொன்னேன். உமாக்கா அதைக் கேட்டுட்டு இன்னும் வேகமா ஆடுவாங்க. அஞ்சு மாசமா நாங்களே அந்தக் கொக்கியை ஒவ்வொண்ணா ஆட்டிக் கழட்டியிருக்கோம்."

இராசேஸ்வரியும் மருதப்பனும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

*

கீழே ரகுபதியின் வாழையிலை உணவகம். மதிய நேரம். ஒரு முனையில் மேடை; மாலை வேளைகளில் கல்யாண வரவேற்பு, பிறந்தநாள். மேடையிலிருந்து வாசல்வரை மறைப்பே இல்லாத ஒரே கூடம்.

"தூணா?" ரகுபதி சிரித்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு கைப்பேசிகள். "நல்லா பாருங்கம்மா. இந்த ஹால்ல கிரிக்கெட் ஆடலாம். தூண் வரைபடத்துல மட்டும்தான் இருந்துச்சு. உங்க இஞ்சினியர் ஏர்கான் ரூம்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாரு. அதுக்கு நான் என்ன செய்ய?"

"இஞ்சினியர் தரப்புல கேட்கச் சொன்னாங்க. கேட்டேன்," என்றாள் இராசேஸ்வரி. "ரெண்டு சாப்பாடு."

மேலே வழவழப்பான பொய்க்கூரை. கீழே பளபளக்கும் புதுத் தரைக்கல். ஒரு தழும்புகூட இல்லை. மருதப்பன் மீன் குழம்பில் முழுகிப்போனார். இராசேஸ்வரி சோற்றைப் பிசைந்துகொண்டே கூடத்தைப் பார்த்தாள்.

வயதான பரிமாறுநர் ஒருவர் அடுக்களையிலிருந்து வந்தார். சட்டையில் அப்துல் காதர் என்று பெயர் வில்லை. இரண்டு கைகளிலும் தட்டுகள். நேராக வாசல் மேசைக்குப் போனவர், கூடத்தின் நடுவே வந்ததும் இடப்பக்கம் ஓர் அடி ஒதுங்கி, மறுபடி நேரானார். அந்த இடத்தில் மேசை இல்லை, நாற்காலி இல்லை, ஆள் இல்லை. திரும்பி வரும்போதும் அதே இடத்தில் ஒதுங்கினார். பின்னால் வந்த இளைய பரிமாறுநர், வேலைக்குப் புதியவர்போல, அந்த இடத்தின் மேலேயே நடந்து போனார்.

"மருதப்பன், அந்தப் பாயைப் பாருங்க."

மருதப்பன் பார்த்தார். குழம்புக் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த முறை பரிமாறுநர் அருகில் வந்ததும் கேட்டார்:

"பாய், அங்க யாராவது உட்கார்ந்திருக்காங்களா? எங்க கண்ணுக்குத் தெரியல."

"எங்க தம்பி?"

"நடுவுல. சுத்திச் சுத்திப் போறீங்களே."

அப்துல் காதர் திரும்பிப் பார்த்தார். வெறும் தரை. அவர் முகத்தில் வெட்கச் சிரிப்பு வந்தது. "அட, பழக்கம் லா. அத்தனை வருஷமா இடிச்சுக்காம..." அப்போதுதான் கல்லாவில் நின்ற முதலாளியைப் பார்த்தார். சிரிப்பு அணைந்தது. "ரசம் கொண்டாறேன்," என்று நகர்ந்தார்.

இராசேஸ்வரி எழுந்து கை கழுவினாள். ரகுபதி கல்லாவை விட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"வேலைக்காரங்க ஆயிரம் சொல்வாங்க."

"அவர் ஒண்ணும் சொல்லல. அவர் கால்தான் சொல்லுச்சு. அந்தப் பொய்க்கூரையில ஒரு பலகையைக் கழட்டினா உத்தரத்துல வெட்டின தடம் இருக்கும். நீங்க சொல்றீங்களா, இல்ல விசாரணைக் குழு வந்து கழட்டணுமா?"

ரகுபதி அடுக்களைக்குப் பின்னால் இருந்த சந்துக்கு அவர்களை அழைத்துப் போனார்.

"ரிசெப்ஷன் எடுத்தா பாதிப் பேருக்கு மாப்பிள்ளை மட்டும்தான் தெரியும். பொண்ணைத் தூண் மறைச்சிடும். அந்தத் தடவை என் மகள் ரிசெப்ஷனே இங்கதான். தீபாவளி முடிஞ்சு கடையை மூடினப்ப வெட்டி எடுத்தேன்."

"மேல முப்பது பேர் ஆடுறாங்க. ஒரு வார்த்தை யாரையும் கேட்காம?"

"கேட்காம வெட்ட நான் என்ன பைத்தியமா? என் மகள் தலைக்கு மேல இருக்கற பீம் அது!" ரகுபதியின் குரல் உயர்ந்தது. "கேட்டேன். படிச்சவங்ககிட்டதான் கேட்டேன். விழாதுன்னு சொன்னாங்க. விழலையே?"

"யார் சொன்னது?"

"அதை என் லாயர் சொல்வாரு." சந்தில் யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "வினுஷா நல்ல பொண்ணு. தூண் இருந்துச்சுன்னு நான் ஒத்துக்கறேன். இதோட நிறுத்திக்கிங்கம்மா. அதுக்கு மேல தோண்டாதீங்க."

காரில் ஏறியதும் மருதப்பன் ஸ்டீரிங்கைத் தட்டினார். "சிங்கப்பூர்லயே முதல் தடவை அக்கா, இல்லாத ஒண்ணைக் கண்டுபிடிச்சதுக்கு நமக்கு அவார்டு தரணும். அந்தம்மாவுக்கு போன் போடுங்க, அழுதுருவாங்க."

இராசேஸ்வரி போன் செய்தாள். வினுஷா அழுதேவிட்டாள். லாப்டாப்பைத் தயாராக வைக்கும்படி சொல்லிவிட்டு, இராசேஸ்வரி கைப்பேசியை மடியில் போட்டுக்கொண்டாள்.

"என்னக்கா, ஜெயிச்ச முகமா தெரியலையே?"

"நம்ம கட்சிக்காரர் பேரை நான் சொல்லவே இல்ல மருதப்பன். இஞ்சினியர் தரப்புன்னுதான் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அந்த ரகுபதியைப் பார்த்ததே இல்லன்னு வினுஷாவே சொல்லியிருக்கா. 'வினுஷா நல்ல பொண்ணு'ன்னு அவருக்கு யார் சொன்னது?"

மருதப்பன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்து ஓட்டினார்.

*

ஈசூன் வீட்டில் வினுஷா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். கண்கள் சிவந்து, முகம் மலர்ந்து, இராசேஸ்வரியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன்ல அக்கா? தூண் இருந்துச்சுன்னு அவர் சொன்னா இருந்துச்சு. அவர் பொய் சொல்லமாட்டார்."

சுலக்ஷன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், சவரம் செய்யாத தாடை. செய்தியைக் கேட்டு அவர் எழவில்லை, நன்றி சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்:

"ரகுபதி வேற ஏதாவது சொன்னாரா?"

"தூணை வெட்டினதை ஒத்துக்கிட்டார்," என்றாள் இராசேஸ்வரி. "தூணை எடுத்ததாலதான் தரை ஆடுச்சுன்னு கணக்கிலயும் காட்டிட்டா வேலை சுலபம். தூண் இல்லாம ஓட்டிக் காட்டுங்களேன். விபத்துக்கு அப்புறம் நீங்க ஓட்டிப் பார்த்திருப்பீங்களே?"

"எப்படி? அன்னிக்கே கம்பெனி லாப்டாப்பைப் பிடுங்கிட்டாங்க. லாயர் நேத்துதான் ஃபைலோட காப்பி வாங்கித் தந்தார். இப்பதான் திறக்கறேன்."

திரையில் கட்டடம் எலும்புக்கூடாக எழுந்து நின்றது. நீலக் கோடுகள் உத்தரங்கள், பச்சைக் கோடுகள் தூண்கள். சுலக்ஷன் நடுவில் இருந்த ஒரு பச்சைக் கோட்டைத் தொட்டார். அது சிவந்தது. ஒரு விசையை அழுத்தினார். மறைந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் மருதப்பன். "இதுல பார்த்தா பல்லு பிடுங்கறதை விட ஈசியா இருக்கு."

கணக்கு ஓடத் தொடங்கியது. திரையின் அடியில் ஒரு பட்டை மெதுவாக நிரம்பியது. வினுஷா கணவரின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"பயமா இருக்குங்க. அந்த எண் குறையுமா? குறைஞ்சாதானே உங்களுக்கு நல்லது?"

"குறையும். பயப்படாதே." சுலக்ஷன் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "நாலு புள்ளி ஆறுக்கு வந்துரும்."

பட்டை பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

மருதப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து இராசேஸ்வரியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பட்டை நிரம்பியது. திரையில் மாடித்தரை மெல்லப் புடைத்து மேலெழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது, தூங்குகிறவர் நெஞ்சைப்போல. கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக மென்பொருள் அந்த ஆட்டத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அதன் ஓரத்தில் எண் வந்து நின்றது. 4.6.

வினுஷா சத்தமாகச் சிரித்தாள். "பார்த்தீங்களா அக்கா? கம்ப்யூட்டருக்கு முன்னாடி சொல்லிட்டார்! இவரைப் போய் வேலை தெரியாதவர்னு பேப்பர்ல எழுதினாங்க!"

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை இராசேஸ்வரி காத்திருந்தாள்.

"இதை முன்னாடி எப்ப ஓட்டினீங்க, சுலக்ஷன்?"

"குத்துமதிப்பா சொன்னேன்."

"குத்துமதிப்புன்னா நாலும்பாங்க, அஞ்சும்பாங்க. நான் அளந்ததையும் உங்ககிட்ட சொல்லல. புள்ளிக்கு அப்புறம் ஆறு எங்கேர்ந்து வந்துச்சு? தூணை வெட்டறதுக்கு முன்னாடி ரகுபதி ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கார். அவருக்கு உங்க மனைவி பேர் தெரிஞ்சிருக்கு. நல்ல பொண்ணுன்னும் தெரிஞ்சிருக்கு."

"ரகுபதிக்கா?" வினுஷா கணவரைப் பார்த்தாள். "எனக்கு அவரைத் தெரியாதே. உங்களுக்குத் தெரியுமா?"

சுலக்ஷன் லாப்டாப்பை மூடினார்.

"மாடிக்குக் கையெழுத்துப் போட்டதுலேர்ந்து பழக்கம். அடிக்கடி அங்க சாப்பிடப் போவேன். மகள் ரிசெப்ஷன், தூணை எடுக்கலாமான்னு கேட்டார். முறையா அனுமதி கேட்டா மாசக்கணக்கா இழுக்கும். ஓட்டிப் பார்த்தேன். ரெண்டு கேள்வி இருக்கு. தாங்குமா, ஆடுமா. ரெண்டும் வேற வேற. அது பழைய அச்சகக் கட்டடம், பெரிய மெஷினுக்காகக் கட்டினது. தாங்கும்னு வந்துச்சு."

"ஆடுமா?"

"நீங்க பார்த்ததுதான்."

"மேல டான்ஸ் கிளாஸ்னு தெரியும்ல?"

"தெரியும்." அவர் நிமிர்ந்தார். "ஆடும், விழாதுன்னு சொன்னேன். ஆட்டம் அசௌகரியம்தான், ஆபத்து இல்லன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இப்பவும் போய் அளந்து பாருங்க, அந்த பீம் இறங்கியிருக்காது. நான் போட்ட கணக்கு தப்பே இல்ல."

அவர் குரலில் ஒரு சொட்டுப் பெருமை இருந்தது.

"பீம் விழல," என்றாள் இராசேஸ்வரி. "கண்ணாடி விழுந்துச்சு."

வினுஷா கணவரின் தோளிலிருந்து கையை எடுத்திருந்தாள். எப்போது எடுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் அழவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று, யாருக்கோ விவரம் சொல்வதுபோலப் பேசினாள்.

"நான் உட்லண்ட்ஸுக்குப் போயிருந்தேன். உமாமகேஸ்வரி வீட்டுக்கு. உங்ககிட்ட சொல்லல. என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திடுவாங்கன்னு நினைச்சேன். அவங்க வீட்டுக்காரர் ஆதவன் உள்ள கூப்பிட்டு உட்கார வச்சார். என் புருஷன் மேல தப்பே இல்ல, அவரையும் யாரோ ஏமாத்திட்டாங்கன்னு சாமி படத்தைத் தொட்டுச் சொன்னேன். அவர் நம்பினார். நம்பிட்டு, உங்களை மனசுல திட்டினதுக்காக என்கிட்ட மன்னிப்புக் கேட்டார். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டார்."

"வினு, முதல்ல லாயர்கிட்ட..."

"அக்கா, கார் இருக்குல்ல?"

"நான் போய்ச் சொல்றேன்மா," என்றாள் இராசேஸ்வரி. "நீங்க வேண்டாம்."

"சாமி படத்தைத் தொட்டது நான்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இராசேஸ்வரி வாசலில் திரும்பி நின்றாள்.

"நாளைக்குக் காலையில விசாரணைக் குழுகிட்ட நீங்களே சொல்லிருங்க. மதியத்துக்கு மேல நான் சொல்வேன்."

சுலக்ஷன் மூடிய லாப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் உட்லண்ட்ஸை நோக்கிப் போனது. எல்லை தாண்டி ஜொகூருக்குத் திரும்பும் மோட்டார் சைக்கிள்கள் இருபுறமும் சாரை சாரையாகப் போயின. கட்டடத்தின் கீழே காரை நிறுத்தியதும் மருதப்பன் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். வினுஷா இறங்காமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

மின்தூக்கியில் ஏறி, நீண்ட நடைபாதையில் நடந்தார்கள். வாசலில் காலணி அடுக்கு. இராசேஸ்வரி சுவரோரம் நின்றுகொண்டாள். வினுஷா மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவர் கையில் கரண்டி இருந்தது. உள்ளே எதுவோ தாளிக்கும் மணம். வினுஷாவைக் கண்டதும் ஆதவனின் களைத்த முகம் இளகியது.

"வாங்க சிஸ்டர், உள்ள வாங்க. இன்னிக்குக் காலையிலகூட நினைச்சேன், உங்க வீட்டுக்காரர் கேஸ் என்ன ஆச்சோன்னு. நல்ல செய்தியா?"

வினுஷா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"நீங்க உட்காருங்கண்ணா," என்றாள். "நான் நின்னுக்கிட்டே சொல்றேன்."